சேறு எந்தப் பக்கம்? எர்ணாவூர் அக்காவின் கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்திருக்கிறேன், ஏனென்றால் இதைப் படித்ததிலிருந்து வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. எர்ணாவூரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார், அப்படியே படிக்கிறேன். "தம்பி, என் பொண்ணு ஏழாவது படிக்கிறாள். எண்ணூர் ஆற்றை வைத்து ஒரு அட்டவணை போட்டுவரச் சொன்னார்கள், ஒரு பக்கம் உயிருள்ளவை, இன்னொரு பக்கம் உயிரற்றவை. சேற்றை அவள் உயிருள்ள பக்கம் எழுதிவிட்டாள், தப்பு என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அதுக்குள்ளேதானே நண்டு, புழு எல்லாம் இருக்கு என்று ஒரே அழுகை. நான் என்ன சொல்றது?"

அக்கா, முதலில் தேர்வுக்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகத்தின்படி மண், நீர், காற்று, வெயில், உப்பு இவையெல்லாம் உயிரற்ற காரணிகள், சேறும் அந்தப் பக்கம்தான், அப்படி எழுதினால் மதிப்பெண் வரும். ஆனால் பாப்பா கவனித்தது ரொம்ப முக்கியமான விஷயம், அவளை அழவிடாதீர்கள். அட்டவணைக்கு நடுவில் ஒரு கோடு போடுகிறோமே, அந்தக் கோட்டை எண்ணூர் ஆற்றில் எங்கே போய்த் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

அலையாத்தி மரம் நிற்கிற கரையில், நீர் வற்றி இறங்கியிருக்கும் நேரத்தில், ஒரு கை அளவு சேற்றைத் தோண்டிப் பாருங்கள். மேலே மெல்லிசாகப் பழுப்பு நிறம், அதற்குக் கீழே மை மாதிரி கருப்பு, கூடவே அழுகிய முட்டை வாசம். நம்ம பக்கத்தில் நிறையப் பேர் இதைச் சாக்கடை நாற்றம் என்று நினைக்கிறார்கள். சாக்கடையும் கலக்கத்தான் செய்கிறது, அதை நான் மறுக்கவில்லை, ஆனால் பிச்சாவரத்துக்குப் போய் அங்கே உள்ள அலையாத்திக் காட்டுச் சேற்றைக் கிளறினாலும் இதே வாசம் வரும். காரணம் என்னவென்றால், கடல் நீரில் சல்பேட் கரைந்திருக்கிறது, சேற்றுக்குக் கொஞ்சம் கீழேயே ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, அந்த இருட்டில் வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக அந்தச் சல்பேட்டை வைத்துத்தான் சுவாசிக்கின்றன, அப்படிச் சுவாசித்து அவை வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்பைடு. வாசம் அதுதான். அது சேற்றில் இருக்கிற இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைடு ஆகிறது, கருப்பு நிறம் அதுதான்.

அப்போ சேற்றின் நிறம், வாசம் இரண்டையும் கொடுத்தது யார்? உயிர்கள். அந்த உயிர்களுக்கு மூச்சைக் கொடுத்தது யார்? கடல் நீரில் கரைந்திருந்த ஒரு உப்பு.

இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நண்டு வளை ஒன்றைப் பக்கவாட்டில் மெதுவாக வெட்டிப் பார்த்தால், சுற்றி முழுக்கக் கருப்பாக இருக்கும்போது வளையின் உள்சுவர் மட்டும் பழுப்பாக இருக்கும். எனக்கு இதை முதலில் காட்டியவர் என் மாமா, காரணம் அவருக்கும் அப்போது தெரியாது, "நண்டு வீட்டுக்கு வெள்ளை அடிச்ச மாதிரி" என்பார். நண்டு தோண்டிய வளைக்குள் ஏற்ற நீர் போய் வருகிறது, நீர் ஆக்சிஜனைக் கீழே கொண்டுபோகிறது, அங்கே உள்ள இரும்பு துருப்பிடித்துப் பழுப்பாகிறது. வெளிக்காற்று எட்டாத ஆழத்துக்கு நண்டு ஒரு ஜன்னல் வைத்துக் கொடுக்கிறது என்றே சொல்லலாம். அந்த ஜன்னலைச் சுற்றி வேறு வகைப் பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன, அலையாத்தி வேருக்கும் கொஞ்சம் மூச்சு கிடைக்கிறது. வேரும் சும்மா இருப்பதில்லை. சேற்றிலிருந்து பென்சில் மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதே, அவை மூச்சு வேர்கள், நீர் இறங்கியதும் அவற்றின் சின்னச் சின்னத் துளைகள் வழியாகக் காற்றை இழுத்து அடி வேர் வரைக்கும் அனுப்புகின்றன, அதில் கொஞ்சம் கசிந்து சேற்றுக்கும் போகிறது.

அலையை ஆற்றுவதால்தான் அந்த மரத்துக்கு அலையாத்தி என்று பேர் என்பார்கள். நீரின் வேகம் குறைந்தால் அதில் மிதந்து வருகிற வண்டல் கீழே படியும், படிந்தால் கரை உயரும். மரம் சேற்றில் வளர்கிறது என்பதோடு நிறுத்திவிடுகிறோம், மரமே சேற்றைப் பிடித்து வைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிப்பியும் இப்படித்தான், நீரில் கரைந்திருக்கிற கால்சியத்தை எடுத்து ஓடு கட்டுகிறது, செத்துப்போன பிறகு அந்த ஓடு உயிரற்ற பொருள், அடுத்த வருடம் சிப்பிக் குஞ்சு வந்து ஒட்டிக்கொள்வதும் அதே ஓட்டில்தான். இது எந்தப் பக்கம், சொல்லுங்கள்?

சூழல் மண்டலம் என்கிற கருத்துக்கு ஆங்கிலத்தில் 1935-இல் முதன்முதலாக அச்சில் பேர் கொடுத்தவர் ஆர்தர் டான்ஸ்லி என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளர். உயிர்களை அவற்றின் சுற்றுப்புறத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது, இரண்டும் சேர்ந்து ஒரே அமைப்பு என்பதுதான் அவர் சொன்னது. அவர் சேர்த்து வைத்ததை நாம் அட்டவணை போட்டுத் திரும்பவும் பிரிக்கிறோம், அதுதான் எனக்கு வருத்தம்.

சரி, இறாலுக்கு வருகிறேன். காசிமேட்டில் கூடையில் பார்க்கிற வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடும், குஞ்சுகள் ஏற்ற நீரோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, அலையாத்தி இலை மட்கிய சேற்றில் மேய்ந்து வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். இதில் எத்தனை உயிரற்ற விஷயங்கள் சரியாக அமைய வேண்டும் என்று பாருங்கள். முகத்துவாரம் மண் மூடாமல் இருக்க வேண்டும். உப்பு அளவாக இருக்க வேண்டும், கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு, ஐப்பசி கார்த்திகை மழையில் கொசஸ்தலை ஆற்றில் நல்ல தண்ணீர் வந்தால் உள்ளே அது வெகுவாகக் குறைந்துவிடும். வெப்பமும் முக்கியம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் சுமார் ஏழரைதான், உப்பு சேர்ந்தால் இன்னும் குறையும். அனல் மின் நிலையத்திலிருந்து சுடுதண்ணீர் வருகிற இடத்தில் மீன் இல்லை என்று கரையில் இருக்கிறவர்கள் சொல்கிறார்கள் என்றால் இந்தக் கணக்கையும் யோசிக்க வேண்டும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைகிறது, மீனுக்கோ ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுகிறது.

அப்புறம் அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரித்து வருகிற சாம்பல். சின்ன வயதில் மாமாவோடு படகில் போகும்போது கோலை ஊன்றினால் சரக்கென்று உள்ளே இறங்கும், பிடுங்கி எடுக்கவே கஷ்டப்படுவார். பிறகு சாம்பல் படிந்த இடங்களில் கோல் டொக் என்று நின்றது. சாம்பல் படிந்து இறுகினால் நண்டால் தோண்ட முடியாது, மட்டி புதைய முடியாது, கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்குத் தடவ ஒன்றும் இருக்காது. சாம்பலும் சேறும் அட்டவணையில் ஒரே பக்கம்தான், உயிரற்றவை. ஆனால் ஒன்றில் குடும்பம் குடும்பமாகப் பிழைக்கலாம், மற்றதில் முடியாது. உயிர்கள் உள்ளே புகுந்து வேலை செய்த மண்ணுக்கும் வெறும் தூளுக்கும் உள்ள வித்தியாசம் அது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது, நாம் எல்லாரும் பார்த்தோம், கூழைக்கடா இறகெல்லாம் கருப்பாக ஒட்டிக்கொண்டு நின்றது. பறவை கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாதது என்னவென்றால், மூச்சு வேரின் துளைகளில் எண்ணெய் பூசினால் மரத்துக்கு மூச்சு அடைக்கும், நண்டு வளை வழியாக எண்ணெய் கீழே இறங்கினால் அங்கே ஆக்சிஜன் இல்லாததால் அது மட்கிப்போக ரொம்ப நாள் ஆகும். மேலே அள்ளிச் சுத்தம் செய்தாலும் உள்ளே தங்கியிருக்கும்.

அக்கா, பாப்பாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். நண்டு வளை இருக்கிற இடத்துச் சேறு, சாம்பல் இல்லாத இடமாகப் பார்த்து, நீங்களே கையுறை போட்டு எடுத்து வாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஒரு பாட்டிலில் பாதிக்கு மேல் சேறு, அதில் கிழித்த செய்தித்தாள் கொஞ்சம், பொடித்த முட்டை ஓடு ஒரு ஸ்பூன் கலந்து, மேலே அதே ஆற்றுத் தண்ணீரை ஊற்றி, மூடியை லேசாக மட்டும் வைத்து வெளிச்சம் வருகிற ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். இது ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி 1880-களில் செய்த சோதனை. ஐந்தாறு வாரத்தில் கீழே கருப்பு, மேலே பச்சை, சில பாட்டிலில் நடுவில் ஊதாவும் தெரியும், எல்லாம் அந்தச் சேற்றிலேயே இருந்த உயிர்கள்தான். திறந்தால் வாசம் தூக்கும், முகத்துக்குக் கிட்டே வைத்துத் திறக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு படம் எடுத்து, தேதி போட்டு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், ஆறாவது வாரம் அந்தப் படங்களை இங்கே வரிசையாகக் காட்டுகிறேன். பாட்டிலை வகுப்புக்கும் எடுத்துப் போகட்டும்.