கூண்டுப் புலியும் வெள்ளையடிச்ச சுவரும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் கம்மி, நேரா சுவருக்கே வந்துடறேன். 'தெரு ஓவியம் பார்க்க ஏற்ற இடம் தெருவா, அருங்காட்சியகமா?' நான் அருங்காட்சியக அணி.

எதிரணி அண்ணன், "மியூசியத்துல கிராஃபிட்டி, அதாவது சுவர்ல ஸ்ப்ரே அடிச்சு எழுதுறது, வரையுறதைப் பார்க்குறது கூண்டுல புலியப் பார்க்குற மாதிரி"ன்னார். அண்ணே, நானும்தான் கைதட்டினேன். ஆனா காட்டுல அந்தப் புலிக்கு என்ன ஆச்சுன்னு சொல்லாமலே உக்காந்துட்டீங்களே!

நியூயார்க், லாங் ஐலண்ட் சிட்டி. ஃபைவ் பாயின்ட்ஸ்னு ஒரு பழைய தொழிற்சாலை. உரிமையாளர் சம்மதத்தோடயே சுவர் முழுக்க வரைஞ்சிருந்தாங்க. ஏழாம் நம்பர் ரயில்ல போனா ஜன்னல் வழியாவே பார்க்கலாம். 2013 நவம்பர், ஒரு ராத்திரி. ஊர் தூங்குது. அதே உரிமையாளர் ஆள் விட்டு, உருளையை உருட்டி வெள்ளையடிச்சுட்டார். விடிஞ்சா, புலி காலி!

அதையாவது ஒழுங்கா அடிச்சாங்களா? மலிவு பெயின்ட், மெல்லிசா பூச்சு. பொங்கலுக்கு ஒரே கோட் சுண்ணாம்பு அடிச்சா, போன வருஷம் பையன் கிறுக்கினது எட்டிப் பார்க்குமே, அதே கதை! அடியில இருந்த நிறமெல்லாம் ஆவி மாதிரி தெரியுது. கட்டடத்தை இடிக்கிற வரைக்கும் வரைஞ்சவங்க அதைப் பார்த்துக்கிட்டே போகணும். அண்ணே, வெள்ளையடிச்ச புலியை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?

வரைஞ்சவங்க வழக்கு போட்டாங்க. 2018-ல தீர்ப்பு: 45 ஓவியம், ஒண்ணுக்கு ஒன்றரை லட்சம் டாலர், மொத்தம் 67 லட்சத்து 50 ஆயிரம். வரைஞ்ச 21 பேருக்குப் பணம் வந்துச்சு, ஓவியம் வரல.

இப்ப கூண்டுக்கு வாங்க. ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னாடி இலவசப் படகு ஏறினா, என்டிஎஸ்எம் துறையில இறங்கலாம். பழைய கப்பல் கட்டும் தளத்துல 8,000 சதுர மீட்டர் கூடம், ஸ்ட்ராட் மியூசியம், 2020-ல திறந்தது. தொங்குற பெரிய கேன்வாஸ்ல பெரும்பாலானதைக் கலைஞர்கள் அங்கயே வந்து வரைஞ்சாங்க. முதல்ல பத்து மீட்டர் தள்ளி நின்னு முழுசாப் பாருங்க. அப்புறம் கிட்டப் போங்க. பெயின்ட் ஒழுகியிருந்தா, ஸ்ப்ரே கேனை ரொம்ப நெருக்கிப் பிடிச்சு கை ஒரு நொடி நின்னிருக்கு. கோடு நூல் மாதிரி இருந்தா கேன் தலையில சின்னத் துளை மூடி, புகை மாதிரி பரவியிருந்தா அகலத் துளை மூடி. தெருவுல பஸ் ஹாரன் அடிக்கும்போது இதெல்லாம் பார்க்க முடியுமா? அதுவும் ஃப்ளோரசன்ட் நிறம் வெயில்பட்டா சீக்கிரமே வெளிறிடும்.

தெருச் சுவரையே பெயர்த்து மியூசியத்துக்குள்ள வைக்கிறது தப்புதான், ஒத்துக்கறேன். அதை எதிர்த்து 2016-ல இத்தாலியில பொலோன்யா நகரத்துல ப்ளூங்கிற தெரு ஓவியர் தன் ஓவியங்களையே சாம்பல் பூசி மறைச்சார். அண்ணன் இதைச் சொல்லியிருந்தா நான் மாட்டியிருப்பேன். நல்லவேளை, புலியைப் பிடிச்சிக்கிட்டார்! டிக்கெட்டுன்னு முணுமுணுக்குறவங்களுக்கு: பெர்லின்ல அர்பன் நேஷன்ங்கிற தெரு ஓவிய மியூசியம் 2017-ல திறந்ததே இலவச நுழைவோடதான்.

மணி அடிச்சிட்டீங்க, ஒரு நிமிஷம் நடுவர் அவர்களே. கிராஃபிட்டிக்காரன் முதல்ல எழுதுறது தன் பேரைத்தான். ராத்திரி எழுதிட்டு ஓடுவான், கை விரல்ல பெயின்டோட வீட்டுக்குள்ள நுழைவான். அம்மாவுக்குத் தெரியும், கேக்க மாட்டா. ஒரு ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டுப் போய் அந்தக் கூடத்துல நிறுத்தினா, அவ ஓவியத்தை முதல்ல பார்ப்பான்னா நினைக்குறீங்க? பக்கத்துல சின்ன எழுத்துல ஒட்டியிருக்கிற மகன் பேரைக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு, விரல் வச்சு, எழுத்துக் கூட்டிப் படிப்பா.