நான்கு நிமிடம் ஆடும் பிள்ளை எதுவரை பொறுப்பது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாயார் அனுப்பியிருக்கும் கேள்வி மூன்று நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. அவருடைய மகன் பள்ளிக் கூடைப்பந்து அணிக்குத் தலைவராக இருந்தவர். இப்போது கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார், கல்லூரி அணியிலும் இருக்கிறார். ஆனால் ஒரு ஆட்டத்தில் 4 நிமிடம், மிஞ்சினால் 5 நிமிடம்தான் அவரைக் களத்தில் இறக்குகிறார்களாம். “பொறுமையாக இருக்கச் சொல்கிறார்கள் ஐயா, எதுவரை பொறுப்பது? வேறு கல்லூரிக்கு மாற்றிவிடலாமா?” என்று அந்தத் தாயார் கேட்கிறார்.

அம்மா, நம்முடைய 200 நிமிடக் கணக்கை இந்த நிகழ்ச்சியைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் அறிவார்கள். உங்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர், ஆகவே ஒரு பயிற்சியாளர் கையில் இருப்பது மொத்தம் 200 நிமிடம். அதை அணியிலுள்ள பன்னிரண்டு பேருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 16 நிமிடம் 40 விநாடி வரும். ஆனால் போட்டியில் எவரும் அப்படிப் பங்கிடுவதில்லை. முதல் ஐந்து பேர் ஆளுக்கு 30 நிமிடம் ஆடினால் 150 போய்விடும். மாற்று ஆட்டக்காரர்களில் முதல் மூவருக்கு ஆளுக்கு 12 கொடுத்தால் மீதி நிற்பது 14 நிமிடம். அந்தப் 14 நிமிடத்தைத்தான் கடைசி நான்கு பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஆளுக்கு மூன்றரை நிமிடம். உங்கள் பிள்ளை அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஆடுகிறார். அப்படியென்றால் அவரை யாரும் ஒதுக்கிவைக்கவில்லை. அவர் அந்த அணியின் ஒன்பதாவது ஆள். எட்டாவது ஆளுக்குக் கணுக்கால் பிசகினாலோ, மூன்றாவது ஆள் ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே போனாலோ, அன்றைக்கே அவருடைய 4 நிமிடம் 12 நிமிடமாகிவிடும். அந்த நாளில் அவர் ஆயத்தமாக இருப்பாரா என்பதுதான் எனக்குக் கவலை.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்திலிருந்து இரண்டு பேரைச் சொல்கிறேன். டிரேமண்ட் கிரீன் மிச்சிகன் ஸ்டேட் அணியில் சேர்ந்த முதல் பருவத்தில் (ஆண்டுக்கு ஒரு போட்டிப் பருவம்), 2008-09இல், ஆட்டத்துக்குச் சராசரியாக 11 நிமிடம் ஆடி 3.3 புள்ளி எடுத்தார். நான்காம் பருவத்தில் அவருடைய சராசரி 16.2 புள்ளி, 10.6 ரீபவுண்ட் (வளையத்தில் தவறிய பந்தைப் பிடிப்பது), தம் அணி ஆடும் கல்லூரிகளின் போட்டிப் பிரிவில் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் அவருக்குக் கிடைத்தது. விஸ்கான்சின் அணியின் ஃபிராங்க் காமின்ஸ்கி முதல் பருவத்தில் 8 நிமிடத்துக்கும் குறைவாகவும், இரண்டாம் பருவத்தில் ஏறத்தாழ 10 நிமிடமும் ஆடியவர். 2015இல், நான்காம் பருவத்தில், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். காத்திருந்ததனால் மட்டும் இவர்கள் வளர்ந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் இதே போன்ற பெஞ்சுகளில் நான்கு ஆண்டும் உட்கார்ந்திருந்து, வாய்ப்பே வராமல் பட்டம் வாங்கிக்கொண்டு போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் கிடைக்கும் நிமிடங்களை வைத்து நான்காம் ஆண்டைக் கணிக்க முடியாது என்பதற்கு மட்டும் இவர்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கல்லூரியில் ஆடியது 1980களில். அப்போது ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதிகள். எங்களுடையது மண் தரை, ஐப்பசியில் மழை பிடித்தால் கார்த்திகை வரை பந்து தட்ட முடியாது. முதலாண்டில் என்னை ஆட்டத்தில் இறக்காமல், பயிற்சியாளர் ஸ்கோர் ஷீட் எழுத உட்காரவைத்தார். அதைத் தண்டனை என்றுதான் அப்போது நினைத்தேன். மூன்று போட்டிகள் எழுதிய பிறகு ஒன்று புரிந்தது. எங்கள் சென்டர், அதாவது வளையத்துக்கு அருகில் ஆடும் உயரமான ஆள், ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரே மாதிரியாக, தவறவிட்ட பந்தைத் திரும்பப் பிடிக்கப் பின்னாலிருந்து எட்டும்போதுதான் ஃபவுல் வாங்கினார். களத்தில் ஆடியிருந்தால் அதை நான் கவனித்திருக்கவே மாட்டேன். தாள் என் கையில் இருந்ததால் யாருக்கு எப்போது மூச்சு வாங்குகிறது, பந்தைத் தட்டிக்கொண்டு வரும் கார்டுகளில் எவன் இடது பக்கம் போகவே மாட்டான் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது.

நம் பக்கத்துக் கோயில்களில் சுவாமி புறப்பாட்டின்போது நாகசுவரக் குழுவோடு தாளம் போட்டுக்கொண்டு நடந்துவரும் சிறுவனைப் பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் ஒத்து ஊதும் பிள்ளையும் உடன் வருவான். ‘ஒத்து ஊதுகிறான்’ என்று நாம் இளக்காரமாகச் சொல்கிறோமே, அந்தப் பிள்ளை விடியவிடிய நடக்கும் கச்சேரியின் உள்ளே நின்றுகொண்டிருக்கிறான். வித்துவான் ராகத்தை எங்கே நிறுத்துகிறார், தவில்காரர் எங்கே எடுக்கிறார் என்பது அவன் காதில் ஏறிக்கொண்டே இருக்கிறது. பெஞ்சில் இருக்கும் ஆட்டக்காரரும் அப்படித்தான் உட்கார வேண்டும். தம்முடைய இடத்தில் ஆடுபவர் ஒருவரை மட்டும் கண் எடுக்காமல் பார்த்துவிட்டு, இரவு ஒரு நோட்டில் மூன்று வரி எழுதினால், ஒரு பருவத்தில் அவருக்கு ஒரு ஆசிரியர் கிடைத்துவிடுவார். செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

அந்த 4 நிமிடத்தில் என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதில் தவறினேன். இரண்டாம் ஆண்டில் ஒரு போட்டியின் கடைசி 3 நிமிடத்துக்கு என்னை இறக்கினார்கள். என் திறமை முழுவதையும் அந்த 3 நிமிடத்தில் காட்டிவிட வேண்டும் என்ற வேகத்தில், கூட்டாளி வளையத்துக்கு அடியில் தனியாக நிற்பதைக்கூடப் பார்க்காமல் தொலைவிலிருந்து மூன்று முறை எறிந்தேன், மூன்றும் தவறின. அடுத்த இரண்டு போட்டிகளில் என்னைக் கூப்பிடவில்லை, அது நியாயமே. குறைந்த நேரம் ஆடுபவரிடம் பயிற்சியாளர் புள்ளியை எதிர்பார்ப்பதில்லை. தம் ஆளை விடாமல் காக்க வேண்டும், தமக்குரிய ஆளை மறித்து நின்று ரீபவுண்டுக்கு வழிவிட வேண்டும், பந்தைத் தொலைக்கக் கூடாது. இவற்றை ஒழுங்காகச் செய்பவரை அடுத்த ஆட்டத்தில் 6 நிமிடத்துக்கு நம்பி இறக்கலாம்.

கல்லூரியை மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் அது இப்போது எளிது. மாற விரும்பும் ஆட்டக்காரர்களுக்கான பதிவுமுறை 2018இல் வந்தது, 2021இலிருந்து ஒரு முறை மாறுபவர்கள் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டிய கட்டாயமும் நீங்கியது. இங்கே பட்டப்படிப்பின் நடுவில் கல்லூரியை மாற்றினால் பாடத்திட்டம், கட்டணம், விடுதி எல்லாவற்றோடும் மல்லுக்கு நிற்க வேண்டும். 4 நிமிடத்துக்காக அதைச் செய்யாதீர்கள்.

ஆனால் அம்மா, நீங்கள் என்னிடம் வேறொன்றைக் கேட்டிருக்க வேண்டும் என்று இந்த மூன்று நாளும் நினைத்தேன். பொறுத்திருக்கும் பிள்ளைக்குப் பயிற்சியாளர் என்ன கடன்பட்டிருக்கிறார் என்பதே அந்தக் கேள்வி. நான் உடற்கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை இரண்டு ஆண்டுகள் என் பெஞ்சில் இருந்தான். தினமும் முதல் ஆளாக வந்து வலையைக் கட்டுவான், கடைசி ஆளாகப் போவான். ஆட்டத்தில் அவனுக்கு இடது கை பழகவில்லை என்பது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. வெல்ல வேண்டிய போட்டிகளின் நெருக்கடியில் ஒன்பதாவது ஆளிடம் பேச எனக்கு நேரம் இருப்பதாகத் தோன்றவில்லை. மூன்றாம் ஆண்டு அவன் வரவில்லை. ஒரு மாதம் இடது கையால் மட்டும் லேஅப் (வளையத்துக்கு அருகே ஓடிவந்து பந்தைப் போடுவது) போடவைத்திருந்தால் போதும், அவனை நான் இறக்கியிருப்பேன். அந்த ஐந்து நிமிடப் பேச்சை அவனுக்குத் தராத குறை என்னுடையது, அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே டெல்டாவில் கல்லூரி அணிகளை நடத்தும் பி.டி. சார்களையும் கோச்சுகளையும் வேண்டிக்கொள்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை, ஒன்பதாவது ஆளையும் பன்னிரண்டாவது ஆளையும் தனியாக அழைத்து, அவர்களிடம் என்ன குறைகிறது என்பதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். ‘இன்னும் நன்றாக உழை’ என்று சொன்னால் ஒரு பிள்ளைக்கு எதுவும் விளங்காது. ‘நீ காக்கும் ஆள், உன்னை மறித்து நிற்கும் தன் கூட்டாளியின் மறைவில் வளையத்தை நோக்கிப் பாயும்போது நீ ஒரு அடி தாமதமாகத் திரும்புகிறாய்’ என்று சொன்னால் அவன் அன்று மாலையே அதைப் பழகத் தொடங்குவான். வாரத்தில் ஒரு நாளாவது இரண்டாம் ஐவரை முதல் ஐவருக்கு எதிராக முழு 20 நிமிடம், நடுவர் வைத்து ஆடவிடுங்கள்.

அம்மா, உங்கள் பிள்ளையிடம் இந்த வாரமே கோச்சிடம் போகச் சொல்லுங்கள். “எனக்கு ஏன் நேரம் தரவில்லை” என்று கேட்கவேண்டாம், அது வாக்குவாதமாக முடியும். “இன்னும் 5 நிமிடம் என்னை நம்பி இறக்க வேண்டுமென்றால், சார், நான் எதைச் சரிசெய்ய வேண்டும்?” என்று கேட்கட்டும். தெளிவான பதில் வந்தால் இந்தப் பருவம் முழுவதும் தாராளமாகப் பொறுக்கலாம். இரண்டு முறை கேட்டும் பதிலே வரவில்லை என்றால் மறுபடியும் எனக்கு எழுதுங்கள், மாலை வேளைகளில் தஞ்சாவூரில் எங்கே வந்து பழகலாம் என்று பார்ப்போம்.