குடைக்குக் கீழ டிபன் சாப்பிட்ட வாத்தியார்

எல்லாருக்கும் வணக்கம். ஆபீஸ் முடிச்சு நேரா வந்திருக்கீங்க, அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வந்துடறேன்.

1881ல அமெரிக்காவுல அலபாமா ஸ்டேட்ல டஸ்கீகின்னு ஒரு சின்ன ஊருக்கு 25 வயசு வாத்தியார் ஒருத்தர் வந்து இறங்கறார். பேரு புக்கர் டி. வாஷிங்டன், அடிமையாப் பிறந்தவர். கறுப்பினப் பிள்ளைங்களுக்கு ஒரு ஸ்கூல் ஆரம்பிக்கணும், அதுக்கு கவர்மென்ட் வருஷம் 2000 டாலர் ஒதுக்கியிருக்கு, ஆனா அது வாத்தியார் சம்பளத்துக்கு மட்டும்தான், இடத்துக்கோ கட்டடத்துக்கோ ஒரு பைசா கிடையாது. ஒரு சர்ச்சும் அதுக்குப் பக்கத்துல ஒரு ஓட்டை ஷெட்டும்தான் கிளாஸ்ரூம். மழை பெஞ்சா ஒரு பையன் எழுந்து வந்து வாத்தியார் தலைக்கு மேல குடை பிடிப்பான், மத்த பசங்க பாடம் ஒப்பிப்பாங்க. அவர் தங்கியிருந்த வீடும் அந்த லட்சணம்தான். காலைல டிபன் சாப்பிடறப்ப வீட்டுக்கார அம்மா பக்கத்துல குடை பிடிச்சுக்கிட்டு நின்னாங்கன்னு அவரே சுயசரிதைல எழுதியிருக்கார்.

அதே மனுஷன் 1899ல அதே ஊர்ல செங்கல்லுல கட்டின மாடி வீட்டுல குடி போறார். அந்த வீட்டுக்கு ஓக்ஸ்னு பேரு, கரண்ட் லைட் உண்டு, குளிருக்கு நீராவியில சூடேத்தற வசதி உண்டு. இந்த 18 வருஷத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்லத்தான் நான் வந்தேன்.

வீட்டைக் கட்டிப் பாருன்னு நம்ம ஆளுங்க சும்மாவா சொன்னாங்க. அங்க வீடு கட்டறதுக்கு முன்னாடி செங்கல்லையே செய்ய வேண்டியிருந்துச்சு. 500 டாலருக்கு ஒரு பழைய தோட்டத்தை வாங்கறாங்க, அடிமைங்களை வச்சு நடத்தின தோட்டம் அது, முதலாளியோட பங்களா எரிஞ்சு போய் மிச்சம் இருந்தது ஒரு சின்னக் குடிசை, பழைய சமையல்கட்டு, குதிரை லாயம், கோழிக் கொட்டாய் இவ்வளவுதான், அதையெல்லாம் கழுவித் தொடைச்சு அங்கயும் கிளாஸ் நடத்தினாங்க. அப்புறம் மண்ணை வெட்டிக் கல் அறுக்க ஆரம்பிச்சாங்க. முழங்கால் அளவு சேத்துல மணிக்கணக்கா நிக்கணும். படிச்சு மேல வரலாம்னு வந்த பசங்களுக்கு இதுக்கா வந்தோம்னு தோணாம இருக்குமா, சில பேர் அந்த வேலை பிடிக்காம ஸ்கூலை விட்டே போயிட்டாங்க. மொதல் சூளையில 25000 கல்லு வச்சாங்க, சரியா வேகல. ரெண்டாவதும் போச்சு. மூணாவது சூளை ஒரு வாரமா எரிஞ்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல கல்லு கைக்கு வந்துடும்ங்கற சமயத்துல நடுராத்திரி அப்படியே சரிஞ்சு விழுந்துடுச்சு. கையில காசும் இல்ல. கூட இருந்த வாத்தியாருங்க விட்டுடலாம்னு சொல்றாங்க. இவர் மாண்ட்கோமெரிக்குப் போய் தன்னோட வாட்ச்சை அடகு வச்சு 15 டாலர் வாங்கிட்டு வந்து நாலாவது சூளை வச்சார், அது தேறுச்சு. வாட்ச்சை மீட்கவே முடியல, கெடு தாண்டிடுச்சு.

இந்த சூளைக் கதையை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். சுத்துவட்டாரத்து வெள்ளைக்காரங்களே அப்புறம் அங்க வந்து செங்கல் வாங்கிட்டுப் போனாங்க. 1900 வாக்குல ஒரே சீசன்ல 12 லட்சம் கல்லு அறுத்தாங்க. ஓக்ஸ் வீட்டுச் சுவர்ல இருக்கறது பசங்க அறுத்த கல்லுதான், சுவரை எழுப்பினதும் பசங்கதான்.

பிளான் போட்டவர் ராபர்ட் டெய்லர். அமெரிக்காவோட பேர் போன எம்ஐடி காலேஜ்ல படிச்சுப் பட்டம் வாங்கின மொதல் கறுப்பின மாணவர், 1892 பேட்ச். அவர் அப்பா அடிமையாப் பிறந்து தச்சு வேலை பார்த்தவர். எங்க வேணா போய் சம்பாதிச்சிருக்கலாம், டஸ்கீகிக்கு வந்து வேலை பார்த்துக்கிட்டே கட்டடம் கட்டற வித்தையைச் சொல்லியும் கொடுத்தார். 1942ல, தான் பிளான் போட்ட அந்த கேம்பஸ் சேப்பல்லயே மயங்கி விழுந்து உயிர் போச்சு.

ஒரு பிரின்சிபாலுக்கு இவ்வளவு பெரிய வீடு எதுக்குன்னு உங்கள்ல சில பேருக்குத் தோணலாம். நியாயமான கேள்விதான். ஆனா அந்தக் காலத்தைப் பாருங்க, வீடு கட்டி ரெண்டே வருஷத்துல, 1901ல, அலபாமா புது அரசியல் சட்டம் போட்டு கறுப்பின மக்களோட ஓட்டைப் பறிச்சுது. ஓட்டுரிமையை இப்ப வற்புறுத்த வேணாம், மொதல்ல தொழில் கத்துக்குவோம்ங்கற மாதிரி வாஷிங்டன் பேசினதை டு போய்ஸ்ங்கற கறுப்பின அறிஞர் கடுமையா எதிர்த்தார், அந்த விவாதத்துல எனக்கு டு போய்ஸ் பக்கம்தான் நியாயமாப் படுது. இருந்தாலும் அந்த வீட்டைப் பத்திப் பேசும்போது எனக்கு வேற ஒண்ணு மனசுல வரும். உன்னால கட்ட முடியாதுன்னு சொன்ன ஊர்ல, அதே ஊர் மண்ணை எடுத்து, தினமும் கிளாஸுக்குப் போற பசங்க கண்ணுல படற மாதிரி அது நிக்குது. இந்தச் சுவர் நான் எழுப்பினதுன்னு ஒரு பையன் தன் தங்கச்சிக்குக் கை காட்டிச் சொல்லலாம் பாருங்க, அதை எந்தப் புத்தகமும் கொடுக்காது.

எல்லா வாத்தியாருக்கும் வீடு கிடைக்கல, அதையும் சொல்லணும். 1896ல வந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், நிலக்கடலை ஆராய்ச்சின்னா உலகமே சொல்ற பேரு, அவருக்கு ஹாஸ்டல்ல ரெண்டு ரூம் கொடுத்தாங்க, ஒண்ணு அவருக்கு, ஒண்ணு அவர் சேர்த்து வச்சிருந்த செடிகொடிக்கு. கல்யாணம் ஆகாத மத்த வாத்தியாருங்க ஒரு ரூமை ரெண்டு பேரா பங்கு போட்டுக்கிட்டு இருந்தாங்க, இவருக்கு மட்டும் ரெண்டான்னு ஒரே புகைச்சல். 1943ல சாகற வரைக்கும் மனுஷன் சொந்த வீடுன்னு ஒண்ணு கட்டிக்கவே இல்ல.

ஓக்ஸ் வீட்டுலதான் வாஷிங்டன் 1915ல இறந்தார், மனைவி மார்கரெட் 1925 வரைக்கும் அங்க இருந்தாங்க. 1974ல காங்கிரஸ், அதாவது அமெரிக்கப் பார்லிமென்ட், சட்டம் போட்டதால அந்த வீட்டை இப்ப நேஷனல் பார்க் சர்வீஸ்ங்கற கவர்மென்ட் அமைப்பு பார்த்துக்குது. இதே மாதிரி கறுப்பினப் பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்ச மத்த காலேஜ்கள்ல இருக்கற பழைய வாத்தியார் வீடுகளுக்கு இந்த பாக்கியம் ரொம்ப இல்ல. கூரையை மாத்தறதா, பிள்ளைங்களுக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கறதான்னு வரும்போது எந்த காலேஜும் பிள்ளைங்க பக்கம்தான் போகும், அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா ரிப்பேர்ங்கற பேர்ல பழைய கல்லு மேல சிமென்ட்டை அப்பறதைப் பார்த்தா வயிறு எரியும். கையால அறுத்த பழைய செங்கல் கொஞ்சம் மெத்துன்னு இருக்கும், சுண்ணாம்புக் காரைன்னா ஈரம் காரை வழியா வெளிய போயிடும், கெட்டி சிமென்ட் வச்சா ஈரம் உள்ளயே தங்கி கல்லு பொரிஞ்சு பொரிஞ்சு உதிரும். 100 வருஷத்துக்கு மேல தாங்கின கல்லை நம்ம ரிப்பேரே கொன்னுடும்.

இன்னொரு வீட்டைச் சொல்லி முடிச்சுக்கறேன். அதே மாதிரி கறுப்பினப் பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்ச வர்ஜீனியா ஸ்டேட் யூனிவர்சிட்டில ஆர்ட் டிபார்ட்மென்ட்டை ஆரம்பிச்ச டீச்சர் அமேசா லீ மெரிடித். அப்பா வெள்ளைக்காரர், மாடிப்படி கட்டறதுல கைதேர்ந்த ஆள், அம்மா கறுப்பினப் பெண், அவங்க ரெண்டு பேரும் சொந்த ஸ்டேட்ல சட்டப்படி கல்யாணம் பண்ணிக்க முடியல. மகள் கட்டடக்கலை படிக்கல, லைசென்ஸ் கிடையாது, தானாவே கத்துக்கிட்டு 1939ல கேம்பஸ் ஓரத்துல தனக்கும் தன்னோட வாழ்க்கைத் துணையான எட்னா மீட் கோல்சனுக்கும் ஒரு வீடு கட்டினாங்க. அஜுரெஸ்ட் சவுத்னு பேரு. வெள்ளைச் சுவர், தட்டைக் கூரை, வளைஞ்ச மூலை, செங்கல் மாதிரி கண்ணாடிக் கட்டிகளை அடுக்கின ஜன்னல், மொட்டை மாடிக்குப் பைப் கைப்பிடி, உள்ள போனா கலர் கலரா. அந்தப் பக்கம் அப்படி ஒரு வீட்டை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. ரெண்டு பேருமே டீச்சர்ஸ், வாழ்நாள் முழுக்க பாடம் நடத்தின சம்பளம்.

1984ல மெரிடித் இறந்தப்ப அந்த வீட்டுல தன்னோட பங்கைப் பழைய மாணவர் சங்கத்துக்கு எழுதி வச்சிட்டுப் போயிருந்தாங்க. அதுக்கப்புறம் அவங்ககிட்ட படிச்சவங்களே அந்தக் கூரைக்குக் கீழ கூட ஆரம்பிச்சாங்க.