ஒரே கையுறையோடு அடுத்த நாற்காலிக்குப் போகலாமா?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "அண்ணன் மகள் லண்டனில் டாக்டருக்குப் படிக்க யூகேட் நுழைவுத் தேர்வு எழுதுகிறாள். 'இந்த நிலைமையில் என்ன செய்வது சரி' என்றெல்லாம் கேட்பார்களாம். அதற்குச் சரியான விடையை யார் சொல்வது? நம்ம நீட்டிலும் வருமா?" ரெண்டு நாளாக இதே நினைப்பு எனக்கு.

நீட்டில் கிடையாது. 180 கேள்வியும் இயற்பியல், வேதியியல், உயிரியல்தான். யூகேட்டில் இது தனிப் பகுதி; 26 நிமிடத்தில் 69 கேள்வி. விடையை முடிவு செய்வது வல்லுநர் குழு. இதன் மதிப்பெண் தேர்வின் மொத்த 2700இல் சேராது. 1 முதல் 4 வரை பேண்டு, அதாவது தரநிலை, போடுவார்கள், 1தான் உசத்தி. 4 வந்தால் சில பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தையே தள்ளிவிடும்.

என் கையுறை உதாரணம் பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். பல் மருத்துவ மாணவன் ஒருவன், ஒரு நோயாளியைப் பார்த்த அதே கையுறையோடு அடுத்த நாற்காலிக்குப் போகிறான். கூட இருப்பவன் என்ன செய்யலாம்? ஒவ்வொரு யோசனையும் எவ்வளவு பொருத்தம் என்று குறிக்க வேண்டும். உடனே தடுப்பது மிகப் பொருத்தம். வாட்ஸ்அப் குழுவில் போடுவது மிகத் தவறு. சரி, அப்புறமாகப் பேராசிரியரிடம் சொல்வது? தடுப்பதுதான் நல்லது, அதனால் இது தப்பு என்று பிள்ளைகள் குறித்துவிடுகிறார்கள். கூட இருப்பவன் அந்த ஒன்றை மட்டும்தான் செய்வான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடை போட வேண்டும். நெருங்கிய விடைக்கும் கொஞ்சம் மதிப்பெண் உண்டு.

எங்கம்மாவுக்குப் பல் பிடுங்க ராயபுரம் பக்கம் கூட்டிப்போயிருந்தேன். பயிற்சி டாக்டர், சின்னப் பொண்ணு. கையுறை போட்ட கையாலேயே அடித்த போனை எடுத்து அணைத்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அந்தக் கையையே பார்த்தார். அந்தப் பொண்ணும் பார்த்தது. "மன்னிச்சுக்கோங்க பாட்டி" என்று கழற்றிப் போட்டுவிட்டு, கை கழுவி, புது ஜோடி மாட்டிக்கொண்டு வந்தது. யூகேட் எழுதிய பொண்ணா அது?

அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, இதை நம்ம பிள்ளைகளுக்கு எப்போது சொல்லித் தருகிறார்கள் என்பதுதான். சீட் கிடைத்த பிறகு. 2019 முதல் எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் ஏட்காம் என்று இருக்கிறது: மனப்பாங்கு, அறநெறி, நோயாளியிடம் பேசும் விதம். அதை ஒப்புக்கு நடத்தாமல் உயிரோடு நடத்தினால் போதும். நீட்டில் சேர்த்தால் கோச்சிங்கில் அதற்கும் ஒரு கைடு போட்டு மனப்பாடம் செய்ய வைப்பார்கள்.

உங்கள் அண்ணன் மகளை, பிரிட்டன் மருத்துவக் கவுன்சில் டாக்டர்களுக்கு வகுத்திருக்கும் நெறிமுறையைப் படிக்கச் சொல்லுங்கள், இணையத்தில் இலவசம்தான். பிறகு கடிகாரம் வைத்துப் பழகட்டும். கேள்விக்கு 22 வினாடிதான் கிடைக்கும்.