ஷாவோலின் கல்வெட்டு சொல்வதும் சொல்லாததும்

அவையோர்க்கு வணக்கம். சீனத் தற்காப்புக் கலை என்றதும் நம்மவர் வாயில் முதலில் வரும் பெயர் போதிதர்மர். காஞ்சியிலிருந்து சென்ற இளவரசர் ஷாவோலின் துறவிகளுக்குச் சண்டை கற்பித்தார் என்னும் கதைக்கு நானும் கைதட்டியவன்தான். இன்று அந்தக் கதையின் வயதைக் கணக்கிட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

போதிதர்மர் பற்றிய மிகப் பழைய குறிப்பு, லுவோயாங் நகரத்துப் பௌத்த மடங்களைப் பற்றி யாங் சுவான்சி கி.பி. 547 அளவில் எழுதிய நூலில் இருக்கிறது. அதில் அவர் பாரசீகத்துத் துறவி. ஒரு மடத்துக் கோபுரத்தின் அழகைக் கண்டு வியந்து நிற்கிறார். அதே நூற்றாண்டைச் சேர்ந்த தான்லின் என்ற துறவி, அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். ஆகவே தென்னாட்டுத் தொடர்பை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இருவருமே சண்டையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஷாவோலின் மடமும் அவருக்காக எழுந்ததன்று. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடக்கு வெய் பேரரசர் சியாவோவென், பாத்துவோ என்ற வேறோர் இந்தியத் துறவிக்காகக் கட்டுவித்தது அது.

போதிதர்மரை உடல் வலிமையோடு இணைப்பது 'யிஜின் ஜிங்' என்னும் நூல். தசைநார்களை உறுதியாக்கும் பயிற்சிகளைச் சொல்லும் அந்நூல் 1624ஆம் ஆண்டை ஒட்டித் தாவோ நெறியாளர் ஒருவரால் எழுதப்பட்டது. அதாவது போதிதர்மருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்டது. பழமை காட்டுவதற்காகத் தாங் அரசமரபுக் (618–907) காலத் தளபதி லீ ஜிங் பெயரில் அதற்கு ஒரு போலி முன்னுரையும் சேர்த்தார்கள். நூல் தன் கைக்கு வந்த வழியைச் சொல்லும் அந்த முன்னுரை, சுருள்தாடி வீரன் ஒருவனைக் குறிப்பிடுகிறது. அவனோ தாங் காலக் கதையொன்றில் வரும் கற்பனைப் பாத்திரம்! 1930களில் தாங் ஹாவோ போன்ற சீன ஆய்வாளர்களே இந்தப் புனைவை உடைத்துக் காட்டினார்கள்.

அப்படியானால் வேர் எங்கே? படையில். கி.பி. முதல் நூற்றாண்டில் பான் கூ தொகுத்த ஹான் அரசமரபு வரலாற்றின் நூற்பட்டியல், 'ஷோபோ' எனப்பட்ட கைச்சண்டைக்கு 6 பகுதிகள் கொண்ட நூலொன்றையும், வாள் வித்தைக்கு 38 பகுதிகள் கொண்ட நூலொன்றையும் படைத்தொழில் வரிசையிலேயே வைக்கிறது. இரண்டும் இன்று இல்லை. ஆனாலும் போதிதர்மர் பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே அங்கே கைச்சண்டைக்கு ஏடு இருந்தது என்பதற்கு இந்தப் பட்டியல் போதும்.

துறவிகள் எப்போது ஆயுதம் எடுத்தார்கள்? மடத்தில் 728இல் நிறுவிய கல்வெட்டு விடை தருகிறது. 621இல் வாங் ஷிச்சோங் என்பவனோடு அரியணைக்காகப் போரிட்ட லீ ஷிமின், பின்னாளில் பேரரசரானவர், தமக்கு உதவிய ஷாவோலின் துறவிகளைப் பாராட்டி எழுதிய மடல் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. துறவிகள் 13 பேரின் பெயர்களும் உள்ளன. அவர்கள் பகைவனின் அண்ணன் மகனைப் பிடித்துக் கொடுத்தார்கள். மடத்துக்கு 40 சிங் (சீன நில அளவை) நிலமும் ஒரு நீராலையும் கிடைத்தன. நிலமுள்ள மடம் தன் நிலத்துக்காகப் போரில் இறங்கியது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். எந்த ஆயுதத்தால், எந்த முறையில் போரிட்டார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை.

ஷாவோலினின் வித்தை இன்னதென்று தெளிவாகத் தெரிவது மிங் அரசமரபுக் (1368–1644) காலத்தில். அது கைச்சண்டை அன்று, தடி. 1553இல் கடற்கொள்ளையரை எதிர்த்த துறவிகளின் கையில் இருந்தது தடி. தளபதி சி ஜிகுவாங் தம் காலத்து வல்லவர்களை வரிசைப்படுத்தும்போது, ஒருவருடைய உதையையும் இன்னொருவருடைய பிடியையும் புகழ்ந்துவிட்டு, ஷாவோலினுக்கு வரும்போது தடியைத்தான் சொல்கிறார். வெறுங்கைப் பயிற்சி பெரும்போருக்கு உதவாது, உடலைப் பழக்க மட்டுமே உதவும் என்பதும் அவர் கருத்து.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷாவோலின் தடிமுறையைப் பற்றி எழுதிய செங் சோங்யூ, அம்மடத்திலேயே பத்தாண்டுகளுக்கு மேல் பயின்றவர். துறவிகள் இப்போது கைச்சண்டையில் மும்முரமாக இருப்பது ஏன் என்ற கேள்விக்கு, அது இன்னும் நாடெங்கும் பரவவில்லை, தடியைப் போல அதையும் மறுகரை, அதாவது பௌத்தர் சொல்லும் விடுதலை நிலை, சேர்க்கவே உழைக்கிறார்கள் என்று அவர் விடை தருகிறார். தடியைத் தந்தவர் யார் என்பதற்கும் அவரிடம் ஒரு கதை உண்டு. மடத்தைச் சூழ்ந்த கலகக்காரர்களை அடுப்படியில் வேலை பார்த்த ஒருவர் தடியோடு எழுந்து விரட்டினாராம். அவர் போதிதர்மர் அல்லர். நம் புராணங்களில் யாழோடு வரும் கின்னரர்களின் அரசர்.