மிலான் சுவரில் இரண்டு கைகள்

அனைவருக்கும் வணக்கம்.

நம்மூர்க் கத்தோலிக்க வீடுகள் பலவற்றில் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு படம் மாட்டியிருப்பார்கள். லியோனார்டோ டா வின்சியின் 'இறுதி இராவுணவு'. தினமும் கண்ணில் படுவதாலேயே நான் பல வருடம் பார்க்காமல் விட்ட படம் அது. அதை நின்று பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் லியோ ஸ்டைன்பெர்க் என்ற கலை வரலாற்றாசிரியர்.

1920இல் மாஸ்கோவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெர்லினிலும் லண்டனிலும் வளர்ந்து, நியூயார்க்கில் நிலைத்தார். 2011இல் காலமானார். மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் விவிலியக் கதைக்குப் படம் மட்டும் போடவில்லை, கடவுள் மனிதரானார் என்ற விசுவாசத்தையே உடலாலும் கையாலும் காலாலும் வரைந்தார்கள் என்று விடாமல் வாதாடினார். பிறர் மண்டியிடும் படத்தின் முன்னால் அவர் அத்தனை பொறுமையோடு நின்றிருக்கிறார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நெகிழும்.

சரி, படத்துக்கு வருவோம். ஜெர்மானியக் கவிஞர் கேட்டே (Goethe) இதைப் பற்றி 1817இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. "உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்" என்று இயேசு சொன்னதும் சீடர்கள் அதிர்ந்துபோகும் நொடிதான் இந்த ஓவியம் என்றார் அவர். அந்த விளக்கம் அப்படியே ஊன்றிவிட்டது. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு முகபாவம், ஒரு மனித நாடகம். அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் தம் உடலாகவும் இரத்தமாகவும் இயேசு கொடுத்த நற்கருணை எங்கே? அதைப் பலர் கேட்கவே இல்லை.

ஸ்டைன்பெர்க் கேட்டார். 1973இல் இதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். பிறகு 2001இல் அது தனி நூலாக விரிந்தது. அவர் சுட்டிக்காட்டிய ஒரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டே தன் கட்டுரைக்குத் துணையாக வைத்திருந்தது ரஃபாயேல் மோர்கன் என்ற கலைஞர் தகட்டில் செதுக்கி அச்சிட்ட நகல். அந்த நகலில் இயேசுவின் வலக்கை அருகே இருக்க வேண்டிய திராட்சை இரசக் குவளை இல்லை! இரசம் காணாமல் போன படத்தில் நற்கருணை எப்படித் தெரியும்?

இப்போது இயேசுவின் கைகளைப் பாருங்கள். வலக்கை கவிழ்ந்து, விரல்கள் விரிந்து விறைத்திருக்கிறது. எதிரே யூதாஸின் கை. என்னோடு பாத்திரத்தில் தொட்டு உண்பவனே என்னைக் காட்டிக்கொடுப்பான் என்ற வார்த்தை அங்கே நடக்கிறது. அதே கைக்குப் பக்கத்தில்தான் இரசமும் இருக்கிறது. இடக்கையோ மல்லாந்து, அப்பத்தின் பக்கம் திறந்திருக்கிறது. பந்தியில் உட்கார்ந்தவரிடம் "எடுத்துக்கோங்க" என்று சொல்லும்போது நம் கை எப்படி விரியும்? அப்படி. காட்டிக்கொடுப்பும் கொடையும் ஒரே உடலில், ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஓவியர் தேர்ந்தெடுக்கவில்லை என்பதுதான் ஸ்டைன்பெர்க் சொன்னதன் சாரம்.

இதை நான் படித்தபோது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வரி நினைவுக்கு வந்தது: "ஆண்டவராகிய இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவில், அப்பத்தை எடுத்து..." ஒரே மூச்சில் இரண்டும்!

அந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. மிலானில் சாந்தா மரியா தெல்லே கிராத்சியே மடம். தோமினிக்கன் துறவிகளின் சாப்பாட்டுக் கூடம். 1495 வாக்கில் தொடங்கி 1498க்குள் லியோனார்டோ வரைந்து முடித்தார். எதிர்ச்சுவரில் மொந்தோர்ஃபானோ என்ற ஓவியர் வரைந்த சிலுவைக் காட்சி. ஒரு பக்கம் அப்பம், மறுபக்கம் சிலுவை, நடுவில் துறவிகள் தட்டோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். படத்திலுள்ள இடக்கை அவர்களுக்கும் சேர்த்துத்தான் விரிந்திருக்கிறது.

ஸ்டைன்பெர்க் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. சில இடங்களில் ஒரு கோட்டுக்குள் அளவுக்கு மீறி அர்த்தம் ஏற்றுகிறார் என்றே படுகிறது. ஆனால் தோமையாரைப் பாருங்கள், நம் பரங்கிமலையோடு சேர்த்துப் பேசப்படும் அதே தோமையார்தான். அவருடைய சுட்டுவிரல் மேலே நிமிர்ந்திருக்கிறது. உயிர்த்த ஆண்டவரின் காயத்தைத் தொட வேண்டியிருந்த விரல் இப்படி நீட்டி நிற்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், பாதங்கள். 1652இல் அந்தச் சுவரில் வாசலைப் பெரிதாக்கியபோது இயேசுவின் பாதங்கள் வெட்டுப்பட்டுப் போயின. மூலத்தில் இன்று அவை இல்லை. ஸ்டைன்பெர்க் பழைய நகல்களைத் தேடிப் போனார். லியோனார்டோவின் வழியில் வந்த ஜாம்பியத்ரீனோ 1520 வாக்கில் வரைந்த பெரிய நகலில் பாதங்கள் முழுசாக இருக்கின்றன. மேசைக்கு அடியில், யாரும் கவனிக்காத அந்த இடத்தில், மறுநாள் ஆணி இறங்கப்போகும் பாதங்களை ஸ்டைன்பெர்க் கண்டார்.