ஒரு வேளைச் சாப்பாடும் ஓர் ஆண்டுப் படிப்பும்

(காரைக்குடியில் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய நகைக்கடை அதிபர் ஐயா அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் தந்திருக்கும் அண்ணாச்சி அவர்களே, மருத்துவப் பெருமக்களே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்துவிட்ட என் வயதுக்காரர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். செயலாளர் கொடுத்த சீட்டில் இருந்தது அவ்வளவுதான்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், முதியோர் இல்லங்களின் பதிவு, முதியோர் பராமரிப்புப் படிப்புக்கு நன்கொடை. மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன்.

என் அப்பத்தா அடிக்கடி சொல்வார், ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.’ நாம் அளக்கிறோமா? பிறந்தநாளா, திதியா, உடனே முதியோர் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு.

அப்படித்தான் நண்பர் ஒருவர் பேரனின் பிறந்தநாளுக்கு விருந்து வைத்தார். இலை போட்டாயிற்று, ஜாங்கிரி, பாயசம் எல்லாம் தயார். புகைப்படக்காரரைத்தான் காணோம். மணி ஒன்றரை. பெரியவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவழியாக அவர் வந்தார். வரிசைக் கடைசியில் ஓர் ஆச்சிக்கு நெற்றியெல்லாம் வியர்வை, பேச்சு குழறுகிறது. ‘ஆச்சி நெகிழ்ந்துபோய்விட்டார், அதை ஒரு படம் எடுங்கள்’ என்றார் நண்பர். எடுத்தார்கள் ஐயா, எடுத்தார்கள்! விருந்துக்கு வந்திருந்த நர்சிங் மாணவி ஒருத்தி ஓடிவந்து ஆச்சியின் கையைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. ‘காலையில் இன்சுலின் போட்டீர்களா?’ ‘ஏழரைக்கே போட்டாயிற்றே’ என்றார் பணிப்பெண். இன்சுலின் போட்டபின் சாப்பாடு தள்ளிப்போனதால் ஆச்சியின் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டிருந்தது. பாயசத்துக்குப் போக மிஞ்சிய சர்க்கரையைச் சமையல்காரரிடம் வாங்கி, தண்ணீரில் கரைத்து, மெல்ல மெல்லப் புகட்டினாள் அந்தப் பெண். கால் மணி நேரத்தில் ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்து, ‘ஜாங்கிரி எங்கே?’ என்று கேட்டார். நண்பர் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்கிறார், தன் பாயசச் சர்க்கரைதான் ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று!

சர்க்கரை அந்த இல்லத்துச் சமையலறையிலும் இருந்தது. அதை எப்போது கொடுக்க வேண்டும் என்று தெரிந்த ஆள்தான் இல்லை.

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு முன்னோடி. 1978-இல் பேராசிரியர் வி.எஸ். நடராசன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பே வந்தது. 2024-இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறந்தார்கள். மகிழ்ச்சி. ஆனால், நள்ளிரவில் படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பவர் செவிலியர். அந்தச் செவிலியர் முதியோர் பராமரிப்பு மேற்படிப்புக்கு வந்தால் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வர வேண்டும். விடுதிக் கட்டணமும் கட்ட வேண்டும். அதனால்தான் வருவதில்லை.

நாம் நிற்பது வள்ளல் அழகப்பர் மண். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். அந்தப் பணத்தில் ஊருக்கே விருந்து போட்டிருக்கலாம். அவர் அளந்து போட்டார்.

பத்து லட்சத்தை வங்கியில் வைப்புநிதியாகப் போடுங்கள். ஆறரை விழுக்காடு வட்டி என்றாலும் ஆண்டுக்கு 65,000 ரூபாய். அசல் அப்படியே இருக்கும், ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவிக்குக் கைகொடுக்கும். படித்து முடித்ததும் இரண்டாண்டு நம் மாவட்டத்து இல்லங்களில் வேலை பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிதிக்கு உங்கள் தாயார் பெயரை வையுங்கள், புகைப்படமும் மாட்டுங்கள், எனக்கு மறுப்பில்லை. பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். கல்வி அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. இங்கே இருக்கும் மில் அதிபர்கள் காதில் விழட்டும்.

செயலாளர் மணி பார்க்கிறார். பராமரிப்புச் சட்டத்தை வழக்கறிஞர் ஐயாவிடம் விட்டுவிடுகிறேன். இல்லங்களின் பதிவு அடுத்த கூட்டத்துக்கு. ரசீதுப் புத்தகம் வாயிலருகே இருக்கிறது. அடுத்துப் பேச வரும் நகைக்கடை ஐயா, தொகையைச் சொல்லிவிட்டே உரையைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.